மாவுக்கட்டு முகம்

எல்லாரும் ஓடிவிட்டார்கள். இனிக் கொஞ்ச நேரத்துக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

கனத்த கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டதும் ஒச்சாயிக்கு இந்த நினைப்புதான் வரும். முதல் நாள் இதே கதவுச் சத்தத்துக்குப் பயந்தாள். இத்தனை படித்தவர்கள் பயந்து ஓடுகிற சாமானுக்கு அடியில் என்னை மட்டும் படுக்கவைத்துவிட்டுப் போகிறார்களே என்று குலசாமியைக் கூப்பிட்டாள். இரண்டாம் நாள், கூப்பிட்ட சாமியும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை, யாரும் தன்னையும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது. மூன்றாம் நாளிலிருந்து கதவு எப்போது சாத்தும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் அவளுக்கு என்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. வெந்நீர் எங்கே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா, என் துண்டைப் பார்த்தாயா என்று புருஷனும் மாமனாரும் இரண்டு மகன்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்து கூப்பிடுவார்கள். இரண்டு பிள்ளைகளையும் பெற்றபோதுகூட மூன்று பெண்கள் சுற்றி நின்று, உள்ளூர்க் கல்யாணத்தில் பருப்பு வேகாத கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயசுக்குமேல், மதுரை ஆஸ்பத்திரியில், கட்டி வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு அறை கிடைத்தது.

முகத்தின்மேல் கட்டிவைத்திருந்த மாவுக்கட்டு மூடிக்குள் சுண்ணாம்புச் சுவர் வாசனை வந்தது. மூக்குக்கு மட்டும் ஓட்டை. உள்ளே அவள் சிரித்தாலும் அழுதாலும் வெளியே அது ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் மனசில் எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். இன்றைக்கு நாத்தனார் வைக்கிற கருவாட்டுக் குழம்பைப் பற்றி நினைத்தாள். அது ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை என்று மூடிக்குள் தைரியமாகச் சொல்லிக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப்புறம் இருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது.

"ஒச்சாயி, பயப்படாத. நான் இங்கனதான் இருக்கேன்."

சுருளி. அவள் புருஷன். இங்கேயும் விடமாட்டேன் என்கிறாரே என்று நினைத்தாள்.

*

காதுக்குக் கீழே முதலில் சுண்டைக்காய் அளவுக்குத்தான் வந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே அவர்கள் ஊரில் அதைப் பார்த்த எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கம் போட்டால் வடிந்துவிடும்.

ஒச்சாயியிடம் இருந்த தங்கம் தாலியில் கோத்த குண்டு மட்டும்தான். அது பத்தாது என்றார்கள். சுருளியின் அக்காள் தங்கப்பொண்ணு மதுரை வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் தன் சங்கிலியைக் கழற்றித் தம்பி பெண்டாட்டியின் கழுத்தில் போட்டுவிட்டாள். போட்ட நாளிலிருந்து வாரம் தவறாமல் ஊருக்கு வந்தாள். வந்ததும் முதலில் சங்கிலியைப் பார்ப்பாள், அப்புறம் வீக்கத்தைப் பார்ப்பாள்.

"சங்கிலி நல்லா இருக்கு. வீக்கந்தான் கூடிருச்சு" என்பாள்.

கோடையில் வந்த வீக்கம் சோளம் விதைக்கும் வரைக்கும் வடியவில்லை. எலுமிச்சங்காய் அளவுக்கு ஆனது. வாயின் ஒரு ஓரம் மேலே இழுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் மதுரைக்கு வந்தார்கள்.

எச்சில் ஊறுகிற சுரப்பியில் வந்திருக்கும் கட்டி இது, லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த நிமிஷம் வரைக்கும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சுருளி மெதுவாக நிமிர்ந்தான்.

"லச்சத்துல ஒருத்தருக்காம்மா?"

"ஆமாய்யா. அபூர்வந்தான்."

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் யார் எந்த வியாதியைச் சொன்னாலும் சுருளி பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். கேட்டு முடித்ததும், "அது எல்லாருக்கும் வாரதுதானண்ணே. எங்க வீட்டுல இருக்காளே, அவளுக்கு வந்துருக்கது லச்சத்துல ஒண்ணு. படிக்கிற பிள்ளைக வந்து வரிசையா நின்டு பாத்துட்டுப் போகுதுக" என்பான். அதைச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொள்வான். முகம் கழுவுகிற அளவுக்கு அப்படி என்ன புழுதி என்று ஒச்சாயி கேட்டதில்லை.

ஆபரேஷனில் முக்கால்வாசியை எடுத்தார்கள். நரம்போடு ஒட்டி இருந்த மிச்சத்தைத் தொடவில்லை. அதற்குத்தான் கதிர்வீச்சு, ஒச்சாயியின் பேச்சில் கரண்டு. தலை ஆடாமல் இருப்பதற்கும், தினமும் ஒரே இடத்தில் கரண்டு விழுவதற்கும் ஒரு மூடி வேண்டும் என்றார்கள். சோலை என்ற கட்டுப்போடுகிறவர் மாவு நனைத்த துணியை அவள் முகத்தில் அடுக்கடுக்காக ஒட்டினார். காயும் வரைக்கும் அசையக்கூடாது என்றார். அவள் அசையவில்லை. அவர் அதை உரித்து எடுத்து, கண்ணுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

ஒச்சாயி தன் முகத்தை அதுவரைக்கும் கண்ணாடித் துண்டில் பொட்டு வைக்கிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள். இது முழுசாக இருந்தது. கண் மூடி இருந்தது. இழுத்துக்கொண்ட உதடு, எதையோ தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் சிரிப்பதுபோல இருந்தது. நான் இப்படியா இருக்கிறேன் என்று நினைத்தாள். கொஞ்சம் திமிர் பிடித்தவள் மாதிரித் தெரிந்தது. பிடித்திருந்தது.

கட்டி இருந்த இடத்துக்கு நேராகச் சோலை ஊதா மையில் ஒரு கட்டம் போட்டார். "இந்தக் கோடு அழியக்கூடாதும்மா. இங்க அலமாரியில வச்சா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து உடையுது. நீங்களே வீட்டுல பத்திரமா வச்சுக் கொண்டாங்க."

தங்கப்பொண்ணு வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த முகம் ஒயர் கூடையில் வில்லாபுரத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக டவுன் பஸ்ஸில் போய்வந்தது. ஒருநாள் கூட்டத்தில் துண்டு விலகி, கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"யாருண்ணே இது?"

"எம் பொண்டாட்டி" என்றான் சுருளி.

"அப்ப பக்கத்துல நிக்கிறது?"

"அதுவும் அவதான். ரெண்டு டிக்கெட்டே குடுங்க. கூடையில இருக்கவளுக்கு வேணாம்."

தங்கப்பொண்ணு அந்த முகத்தை வீட்டில் வைக்கப் பயந்தாள். அரிசி டிரம்மின் மேல் வைத்து முறத்தால் மூடினாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முறத்தைப் பார்த்துக்கொண்டே போவாள்.

"ஏன் மதினி, அது என்ன செய்யும்?" என்று ஒச்சாயி கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாது. ஆனா நான் அரிசி அளக்கையில பாத்துக்கிட்டே இருக்கு."

"அது கண்ணத்தான் மூடியிருக்கே."

"அதான்டி. கண்ண மூடிக்கிட்டுப் பாக்குது."

கரண்டு பாதி ஆகும்போது வாயில் எச்சில் வற்றிவிட்டது. நாக்கில் ருசி செத்தது. தங்கப்பொண்ணு கருவாட்டுக் குழம்பு ஊற்றி, "எப்புடி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"மண்ணு மாதிரி இருக்கு மதினி. கரண்டு வச்சா அப்புடித்தானாம்."

தங்கப்பொண்ணுவுக்கு முகம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து ஒச்சாயிக்குக் கேப்பைக் கூழும் மோரும் மட்டும்தான் கிடைத்தது. அதைத்தான் அவளால் விழுங்க முடிந்தது. பல நாளாகச் சொல்ல நினைத்ததை வியாதியின் பேரைச் சொல்லிச் சொல்லியாகிவிட்டது என்று அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

*

அந்தச் சனிக்கிழமை காலையில் சுருளி அவளை உற்றுப் பார்த்தான். காதடியில் விரலை வைத்து அமுக்கினான்.

"வடிஞ்சிருச்சுடி."

"கொஞ்சம் வடிஞ்சிருக்கு."

"கொஞ்சமா? எம்புட்டு இருந்துச்சு."

சனியும் ஞாயிறும் கரண்டு கிடையாது. மழை பெய்திருந்ததால் சோளக்காட்டில் களை மண்டியிருக்கும், போய்ப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, ஒயர் கூடையையும் எடுத்துக்கொண்டு போனான். காய் கொண்டுவரக் கூடை வேண்டும் என்றான். ஒச்சாயி முறத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முறத்துக்கு அடியில் டிரம் மட்டும் இருந்தது. சரி, கூடையோடு போய்விட்டது, கூடையோடு வந்துவிடும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சுருளி முன்னாடியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு. சோலை கூடையை வாங்கித் துண்டை விலக்கினார். உள்ளே ஒரு சுரைக்காய் இருந்தது. அதைச் சுற்றிக் கத்திரிக்காய்.

சோலை சுரைக்காயைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"மொகம் எங்கய்யா?"

"காயெல்லாம் டாக்டரம்மாவுக்கு. நம்ம காட்டுல காச்சது."

"மொகத்தைக் கேட்டேன்."

"அத வச்சாச்சுங்க" என்றான் சுருளி. சந்தோஷமாகச் சொன்னான். "எங்க ஊரு ஓடைக்கருப்பு சாமிக்கு நேந்திருந்தேன். இவளுக்குச் சொகமாச்சுன்னா மூஞ்சியை மண்ணுல உருவாரம் செஞ்சு கோயில்ல வைக்கிறேன்னு. எங்க ஊருல காலு வலின்னா மண்ணுல காலு செஞ்சு வைப்போம். கைக்குக் கை. பானை செய்யுற வேளாரைக் கேட்டா, இப்ப மண்ணு ஈரம், சூளை வைக்க முடியாது, மழை முடியட்டும்ங்கிறாரு. அதுக்குள்ள வீக்கமும் வடிஞ்சிருச்சு. சாமி கடனை வச்சுக்கிட்டு இருக்கப்படாதுல்ல. நீங்க செஞ்சதுதான் தத்ரூபமா இருக்கே. வேளாரு செஞ்சா எல்லாருக்கும் ஒரே மூக்குத்தான் வைப்பாரு."

சோலை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா வந்து கேட்டபோது யாராலும் அவருக்குச் சட்டென்று புரியவைக்க முடியவில்லை. புரிந்ததும் அவர் சுருளியைத் திட்டவில்லை. ஒச்சாயியைப் பார்த்துத்தான் பேசினார்.

"வடிஞ்சது வெளிய தெரியுறதும்மா. உள்ள வேர் இருக்கு. இன்னும் பாதி கரண்டு பாக்கி. நடுவுல விட்டா மறுபடி வளரும். அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. புதுசா மூடி செஞ்சா அளவெடுத்து, படம் பிடிச்சு, எல்லாம் முதல்ல இருந்து. ஒரு வாரத்துக்கு மேல ஆயிடும். நாளைக் காலையில அதோட வந்துருங்க."

சுருளியின் திருநீறு வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியது. அவன் குழாயடியைத் தேடிப் போனான்.

*

உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினார்கள். செக்கானூரணி தாண்டியதும், "சாமி கோவிச்சுக்கும்னு நெனச்சேன்டி" என்றான். அவள் பாட்டில் தண்ணீரை ஒரு மிடறு குடித்து வாயை நனைத்தாள். எச்சில் இல்லாதவளுக்குப் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிக்க முடிகிறது. அது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடுகளில் பெண்கள் வரிசையாகக் குனிந்து சோளத்துக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. நடுவில் விட்டால் மறுபடி வளரும் என்று டாக்டரம்மா சொன்னது களையைப் பற்றிச் சொன்னது மாதிரித்தான் அவளுக்குக் கேட்டிருந்தது. அதனால் நன்றாகப் புரிந்திருந்தது. சாவைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். அதைவிட, நாளைக்குக் கதவு சாத்தாமல் போய்விடுமோ என்பதுதான் பெரிதாகத் தோன்றியது. இப்படி நினைப்பது சரியில்லை என்றும் தோன்றியது.

ஓடைக்கருப்பு கோயில் ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் ஒரு வேலமரத்தடிதான். அரிவாளும் மணியும் தொங்கும். சுற்றிலும் பழைய மண் கால்களும் கைகளும் மழையில் கரைந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவில் மேடான கல்லில், வெள்ளை வெளேரென்று அவள் முகம் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம். கன்னத்தில் மஞ்சள். தலைக்கு அரளி மாலை. முன்னால் உடைத்த தேங்காய்.

"ரெண்டு நாளையில இம்புட்டா?" என்றான் சுருளி.

பூசாரி முத்திருளன் எழுந்து வந்தார். சுருளிக்கு மச்சான் முறை.

"வா மாப்ள. வா தங்கச்சி. பாத்தியா உன் மூஞ்சிக்கு வந்த மருவாதைய. நம்ம மலையம்மா ஆட்டைத் தொலைச்சுட்டு ஒரு வாரமாத் தேடுனா. நேத்துச் சாயந்தரம் இங்கன வந்து ஒரு தேங்காய உடைச்சா. இன்னைக்கு விடிய ஆடு வாசல்ல வந்து நிக்கிது."

மலையம்மாள் அங்கேயே ஆட்டோடு நின்றிருந்தாள். "சினையாடு ஆத்தா" என்று ஒச்சாயியிடம் சொன்னாள். குரலில் ஒரு பயபக்தி இருந்தது. இதற்குமுன் அவள் ஒச்சாயியிடம் இப்படிப் பேசியதில்லை. வரப்புத் தகராறு.

சுருளி விஷயத்தைச் சொன்னான். பூசாரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"வச்சதை எடுக்கப்படாதே மாப்ள."

"வைக்கக்கூடாத நேரத்துல வச்சுட்டேன் மச்சான்."

"அத வைக்கையில யோசிச்சிருக்கணும். சாமி ஒத்துக்கிருச்சுல்ல. ஆட்டைக் கொண்டாந்து விட்ருச்சுல்ல."

"ஆட்டுக்கும் இவளுக்கும் என்ன மச்சான் சம்பந்தம்? ஆட்டுக்கு நேந்தது மலையம்மா."

"நேந்தது இந்த மொகத்துக்கிட்டல்ல" என்றாள் மலையம்மாள். "இன்னொரு ஆடும் காணாமத்தான் இருக்கு. நீங்க பாட்டுக்குத் தூக்கிட்டுப் போனா?"

"எம் பொண்டாட்டி உசிரு பெருசா, உன் ஆடு பெருசா?"

"உன் பொண்டாட்டிதான் பெருசு. நான் இல்லேங்கலையே. ஆனா ஆடும் உசிருதான."

கடைசியில் சாமியையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். பூசாரி வேப்பிலைக் கொத்தை ஆட்டிவிட்டு மலையம்மாளை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது.

"அவ எடுத்தா அப்புடித்தான் வரும்" என்றான் சுருளி. "மறுக்கக் கட்டுங்க."

மறுபடி சுருளி எடுத்தான். வெள்ளை.

"ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு" என்றார் பூசாரி. "மூணாவதுதான் சாமி வாக்கு."

மூன்றாவதைப் பூசாரியே எடுத்தார். இலையைப் பிரித்தார். உள்ளே பூவே இல்லை. கட்டும்போது கீழே விழுந்திருக்க வேண்டும்.

"இதுக்கு என்ன அர்த்தம் மச்சான்?"

"இப்புடி வந்ததே இல்ல மாப்ள" என்றார் பூசாரி. உண்மையாகவே கவலைப்பட்டார். "சாமி யோசிக்குதுபோல."

மேகம் இன்னும் கறுத்தது. முதல் தூறல் கல்லில் விழுந்தது. ஒச்சாயி முகத்தில் இருந்த ஊதாக் கோட்டைப் பார்த்தாள். மஞ்சளுக்கு அடியில் கட்டம் இன்னும் இருந்தது. மழை பிடித்தால் இருக்காது.

"அண்ணே" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். பாட்டில் தண்ணீரைக் குடித்து வாயை நனைத்துக்கொண்டாள்.

"கோயில் அண்டா இருக்குல்லண்ணே. கல்யாணங்காச்சிக்கு இரவல் குடுக்குறீகள்ல."

"குடுக்குறோம்."

"அதுவும் சாமிக்கு வச்சதுதான. மதுரைக்காரக செஞ்சு வச்சது."

பூசாரி மோவாயைச் சொறிந்தார். சாமி காரியத்தில் அண்டாவை யாரும் இதுவரைக்கும் இழுத்ததில்லை. ஆனால் அண்டா உண்மைதான். போன வைகாசியில் உசிலம்பட்டி வரைக்கும் போய்வந்தது.

"அப்புடிச் சொல்லு தங்கச்சி" என்றார் பெரிய பாரம் இறங்கியவர்போல. "இரவல்னா எடுத்துட்டுப் போகலாம். அதுல குத்தமில்ல. சாமிக்கும் புரியும். ஏ மலையம்மா, உனக்கும் சரிதான?"

"திரும்பி வருமுன்னா சரிதான்."

ஒச்சாயி மாலையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தாள். முந்தானையை நனைத்து மஞ்சளையும் குங்குமத்தையும் கோட்டில் படாமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிள்ளையின் முகம் துடைப்பதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அது அவளைப் பார்த்து, ஒரு பக்கமாகச் சிரித்தது. நீ உள்ளே நினைத்ததையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை என்பது மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

பூசாரி கல்லில் கற்பூரத்தை வைத்து, தூறல் படாமல் கையைக் குவித்து ஏற்றினார்.

"கரண்டு முடிஞ்சதும் கொண்டாந்து வச்சுருவேன்னு கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போ. அண்டாவுக்குன்னா வேணாம். இது சாமி மொகம்ல."

கற்பூரம் பற்றி எரிந்தது. அதை உள்ளங்கையால் ஒரு அடி அடித்து அணைத்தால் சத்தியம். ஊர் வழக்கம். சின்ன வேலைதான். சுருளி அவசரப்படுத்தினான்.

"அடிச்சுரு புள்ள. பஸ்ஸு போயிரும்."

ஒச்சாயி கை நீட்டவில்லை. கூடையில் சுரைக்காய் இருந்த இடத்தில் முகத்தை வைத்துத் துண்டால் நாலு பக்கமும் சொருகினாள்.

"என்ன தங்கச்சி?"

"அண்டா கோயிலுதுண்ணே. இது எம் மூஞ்சி."

"அது சரி. ஆனா சாமி கடன்?"

"மழை முடிஞ்சதும் வேளாரு மண்ணுல ஒண்ணு செய்வாரு. அத வச்சுக்கிறட்டும்."

"அதுல வேற மூக்குல்ல இருக்கும்" என்றாள் மலையம்மாள் ஏமாற்றத்தோடு.

"இருக்கட்டும்."

"அப்ப அடிக்கமாட்டியா?" என்று பூசாரி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. இப்படி ஒருத்தி நிற்பதை அவர் பார்த்ததில்லை.

"மாட்டேண்ணே" என்றாள் ஒச்சாயி, தூறலைவிடச் சத்தமில்லாமல்.

எல்லாரும் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சின்னதாகி, நீலமாகி, தானாகவே அணைந்தது. ஆடு ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்துக் கடித்தது. அதையும் யாரும் விரட்டவில்லை.

ஒச்சாயி ஓடைக்கரையில் ஏறி ரோட்டைப் பார்க்க நடந்தாள். சுருளி பின்னால் ஓடிவந்து, "கூடையைத் தா, நான் தூக்கிட்டு வாரேன்" என்று கையை நீட்டினான்.

அவள் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.